ஏஐ வாங்க முன்னம்: கந்தோரில் தெரிந்ததைச் சொல்லும் பழக்கத்தை உண்டாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக் கந்தோரில் நாங்கள் இந்த வேலையை முதலில் தலைகீழாகத்தான் தொடங்கினோம். கேள்விக்குப் பதில் சொல்லும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவி ஒன்றுக்குச் சந்தா கட்டினோம், போனில் ஏற்றினோம். அறுவடை நெருக்கத்தில் தராசடியில் நின்ற தம்பி அதனிடம் கேட்டார்: 18 வீத ஈரத்தில் வந்த 100 கிலோ நெல், 14 வீதத்துக்குக் காய்ந்தால் எவ்வளவு நிற்கும்? 95.3 கிலோ என்று பதில் வந்தது. கணக்கு சரி. ஈரம் போனாலும் உள்ளே இருக்கும் 82 கிலோ காய்ந்த பொருள் குறையாது, அதை 0.86 ஆல் வகுத்தால் அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ஆலையில் ஈரத்துக்கான கழிவை நிறையில் பிடிப்பதில்லை, விலையில் பிடிப்போம். முற்பணம் வாங்கிய விவசாயிக்கு அதிலும் வேறு வழக்கம். இது எந்தக் கோவையிலும் இல்லை. தராசடியில் இருபது வருடமாக நிற்கும் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன்) ஒருவரின் தலைக்குள் இருந்தது. அன்று அவர் லீவு. விவசாயி சத்தம் போட்டார். நியாயமான சத்தம்தான்.

மறுகா (பிறகு), அந்த ஆலையிலும் மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு சிறிய கடன் சங்கத்திலும் வேலையைத் திருப்பி முறையாகச் செய்து பார்த்தேன். கீழே வரும் ஒழுங்கு அந்த இரண்டு இடத்து அனுபவத்தில் வந்தது. எட்டுப் பேரிலிருந்து நாற்பது பேர் வரை வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும். மொத்தம் பத்துக் கிழமை எடுக்கும். அதில் ஏஐ வருவது கடைசி இரண்டு கிழமையில்தான்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் காலம். நெல்லோடு சம்பந்தப்பட்ட வேலை என்றால் பெரும்போக அறுவடை ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும், சிறுபோக நெல் ஆகஸ்ட் அளவில் வந்துவிடும். சித்திரை வருடப்பிறப்பு கழிந்து ஜூன் முடியும் வரையான இடைவெளிதான் தோது. வேறு தொழில் என்றாலும் உங்கள் ‘அறுவடை’ எது என்று பார்த்து அதைத் தவிருங்கள். வேலை நெருக்கத்தில் இருப்பவரிடம் போய் ‘உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்’ என்றால் அவர் சொல்லமாட்டார். சொன்னாலும் அரைகுறையாகத்தான் சொல்வார்.

அடுத்தது ஆள். நாளுக்கு ஒரு மணித்தியாலம் இதற்கென்றே ஒதுக்கக்கூடிய ஒருவர் வேண்டும். கணினி தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துவிடுவதுதான் வழமை. நான் அதைச் செய்யமாட்டேன். முதலாளியின் சொந்தக்காரரும் வேண்டாம். கணக்குப் பகுதியிலும் களஞ்சியத்திலும் ஒரேமாதிரி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கக்கூடியவராக இருந்தால் போதும். எங்கள் ஆலையில் அது பற்றுச்சீட்டு எழுதும் அக்கா.

பொருள் என்று பார்த்தால் ஒரு சீ.ஆர். கொப்பி, குரல் பதியக்கூடிய ஒரு போன், ஒரு கூகுள் டிரைவ் கணக்கு. இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். முக்கியமாக, ஏஐ கருவிக்கு இப்போது காசு கட்டாதீர்கள். காசு கட்டிய அடுத்த கிழமையே ‘என்ன பலன்?’ என்று மேலே இருப்பவர் கேட்பார். அந்த அவசரத்தில் அடிப்படை வேலை எல்லாம் பாய்ந்து போய்விடும்.

2. பயத்தை முதலாளியே எடுக்க வேண்டும்

ஆட்கள் தெரிந்ததை ஏன் மறைக்கிறார்கள்? பொறாமை, பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு தொடங்கினால் வேலை அங்கேயே நின்றுவிடும். நெல்லை ஒரு கடி கடித்துப் பார்த்தே ஈரத்தைச் சொல்லும் ஒருவருக்கு அந்தக் கடிதான் சம்பளம், மரியாதை, எதிர்காலம் எல்லாம். அதை எழுதிக் கொடுத்தால் நாளைக்குத் தன்னை யாருக்குத் தேவை என்று அவர் நினைப்பதில் பிழை என்ன?

ஆகவே முதல் படி முதலாளியுடையது. எல்லாரும் இருக்கும்போது அவர் மூன்று விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்த வேலையால் யாருடைய வேலையும் போகாது. சொல்லிக் கொடுப்பவரின் பெயர் குறிப்பில் இருக்கும். சொல்லிக் கொடுக்கச் செலவாகும் நேரம் வேலை நேரத்துக்குள் அடங்கும். மூன்றையும் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டவும் வேண்டும். வாயால் சொன்னது அடுத்த மாதம் மறந்துபோகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

முதலாளி இதைச் சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். உண்மையில் ஆட்குறைப்புத்தான் அவருடைய எண்ணம் என்றால், இந்த வழிகாட்டியை வைத்து ஆட்களை ஏமாற்ற நீங்கள் உதவக்கூடாது. அப்படி ஏமாற்றி எடுத்த குறிப்புகளில் பாதி பொய்யாகத்தான் இருக்கும்.

அடிக்கடி நடக்கும் பிழை: இந்தப் பேச்சை முகாமையாளரிடம் ஒப்படைப்பது. சம்பளம் கொடுக்கும் வாயிலிருந்து வந்தால்தான் அதற்குப் பெறுமதி.

3. இரண்டு கிழமைக்குக் கேள்விக் கொப்பி

இனி எழுதத் தொடங்கலாம், ஆனால் பதில்களை அல்ல. கந்தோரில் யார் யாரிடம் என்ன கேட்டார் என்பதை மட்டும் சீ.ஆர். கொப்பியில் எழுதுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு வரி: திகதி, கேட்டவர், கேட்கப்பட்டவர், கேள்வி. போனில் வந்த கேள்வியும் சேரும்.

பதில்களிலிருந்து தொடங்கினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எல்லாரும் தங்களுக்கு எழுத இலகுவானதை எழுதுவார்கள். லீவு விண்ணப்பம் எப்படி நிரப்புவது என்று நான்கு பக்கம் வரும். போய்லரில் நீராவி அழுத்தம் ஏறாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது என்று ஒரு வரியும் வராது. கேள்விகளிலிருந்து தொடங்கினால் தேவையானது தானாக மேலே வரும்.

இரண்டு கிழமை முடிவில் கொப்பியைப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, ஒரே கேள்வி எத்தனை தரம் திரும்ப வந்தது. மற்றது, எல்லாக் கேள்வியும் போய்ச் சேரும் ஒன்றிரண்டு பேர் யார். எங்கள் கொப்பியில் பாதிக்குமேல் ஒரே காக்காவிடம்தான் போயிருந்தது. அவர் லீவு எடுத்த நாளில் ஆலை ஏன் தடுமாறுகிறது என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை.

கொப்பியை மேசையில் திறந்தே வையுங்கள். பூட்டி வைத்தால் ‘ஆளைப் பிடிக்கக் கணக்கு எடுக்கிறார்கள்’ என்ற கதை மூன்றாம் நாளே வரும்.

4. திங்கட்கிழமை அரை மணித்தியாலம்

மூன்றாம் கிழமையிலிருந்து இதைத் தொடங்குங்கள். திங்கள் காலை, தேத்தண்ணியோடு, நின்றுகொண்டே. வெள்ளிக்கிழமை வைக்க வேண்டாம். கரையோரத்தில் ஜும்மாவோடு அந்த நாளின் பாதி போய்விடும், மனமும் வேலையில் நிற்காது.

அரை மணித்தியாலத்தில் இரண்டே இரண்டு வேலை. கேள்விக் கொப்பியில் அதிகம் வந்த ஒரு கேள்விக்குத் தெரிந்தவர் பதில் சொல்வது. அப்புறம், போன கிழமை பிழைத்துப்போன ஒன்றை ஒருவர் சொல்வது. பிழையை முதலில் சொல்ல வேண்டியவர் முதலாளி அல்லது முகாமையாளர். முதல் மூன்று கிழமையும் அவர்தான். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

காரணத்தை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். கடன் சங்கத்தில் இதே கூட்டத்தில், ஒரு தங்கச்சி எழுந்து ஒரு தவணையை வேறு ஆளின் கணக்கில் பதிந்ததாகச் சொன்னார். அவரே கண்டுபிடித்து அவரே திருத்தியது. மேலே இருந்தவர் ‘இதற்குத்தானா சம்பளம் தாறோம்?’ என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அடுத்த ஐந்து திங்களும் எவரும் வாய் திறக்கவில்லை. ‘எல்லாம் ஓகே சேர்’ என்றார்கள். பிறகு அவரே தான் கையெழுத்துப் போட்ட ஒரு பிழையான காசோலையைப் பற்றி எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகுதான் கதை திரும்ப ஓடத் தொடங்கியது.

பிழைகள் ஏன் இவ்வளவு முக்கியம்? சரியாக நடந்த வேலையைப் பற்றிக் கேட்டால் ‘வழமைபோலத்தான்’ என்பார்கள். பிழைத்ததைப் பற்றிக் கேட்டால்தான் எந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பது வெளியே வரும். நாளைக்கு ஏஐ பிழையான பதில் தந்தால் அதைச் சொல்லும் துணிவும் இந்தக் கூட்டத்தில்தான் பழகும். பிழையைச் சொல்லப் பயப்படும் கந்தோரில் கருவியின் பிழையும் மூடித்தான் கிடக்கும்.

5. பெரியவர்களிடம் கேட்பது எப்படி

அனுபவமுள்ளவரிடம் பேனையைக் கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள். எழுத்து அவருடைய தொழில் அல்ல. ஒரு பக்கத்தோடு களைத்துவிடுவார். அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய், பதினைந்து நிமிடம், போனில் குரலைப் பதிந்துகொண்டு கேளுங்கள். பதிகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் பதிய வேண்டும்.

‘உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லுங்கள்’ என்ற கேள்வி உதவாது. இப்படிக் கேளுங்கள்: ‘காக்கா, கடைசியாக எப்போது ஒரு லொறி நெல்லைத் திருப்பி அனுப்பினீர்கள்? எதைக் கண்டு?’ அவர் சொல்வார்: ஈரமானி 14 வீதம் காட்டினாலும் மேல்மூடையில் மட்டும் குத்திப் பார்த்தால் போதாது, அடிமூடையிலும் குத்த வேண்டும், இரவு மழையில் வந்த லொறி என்றால் தார்ப்பாய் ஓரத்து மூடைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். இது புத்தகத்தில் கிடைக்கலாம். ஆனால் எந்தத் தரகரின் லொறியில் இது அடிக்கடி நடக்கும் என்பது அவரிடம் மட்டும்தான் கிடைக்கும். (தரகரின் பெயரைக் குறிப்பில் எழுத வேண்டாம். ‘தூரத்திலிருந்து இரவில் வரும் லொறி’ என்றால் போதும்.)

பதிந்ததை இளையவர் ஒருவர் எழுத வேண்டும். குரலை எழுத்தாக்கும் வசதி போனில் இருக்கிறது, பாவிக்கலாம். ஆனால் எங்கள் பேச்சை அது தடுமாறித்தான் எழுதும். ‘மறுகா’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு தரமும் ஒவ்வொன்று வந்தது. எண்களைக் கட்டாயம் திரும்பக் கேட்டுச் சரிபாருங்கள். இளையவரையே எழுதவைப்பதில் இன்னொரு பயன் உண்டு: எழுதும்போதுதான் அவருக்கு விளங்காத இடம் தெரியும், திரும்பப் போய்க் கேட்பார். அந்த இரண்டாம் கேள்வியில் வருவதுதான் நல்ல சரக்கு.

எழுதியதைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டி, ‘சரி’ என்று அவர் சொன்ன பிறகுதான் அது குறிப்பு.

6. குறிப்பின் வடிவம்

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். மேலே கேள்வி, கேட்டவர் கேட்ட அதே சொல்லில். கீழே பதில். அதன்கீழ் சொன்னவர் பெயர், திகதி. கடைசியாக ‘எப்போது இது பொருந்தாது’ என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியைப் புதியவர்கள் வெறுமையாக விடுவார்கள். விடாதீர்கள். ஏஐ எந்தப் பதிலையும் தடுமாற்றமில்லாமல் சொல்லும். எல்லையைக் குறிப்பில் எழுதியிருந்தால்தான் அதையும் சேர்த்துச் சொல்லும்.

கூடவே ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூடை என்றால் உங்கள் இடத்தில் எத்தனை கிலோ? ஏக்கருக்கு இத்தனை மூடை என்று விவசாயி சொல்லும்போது அவர் எந்த மூடையைச் சொல்கிறார்? கடன் சங்கத்தில் வட்டைப் (வயல்வெளிப்) பெயர்கள்தான் பெரிய சிக்கலாக இருந்தன. ஒரே வட்டைக்கு இரண்டு பெயர்; கடன் விண்ணப்பத்தில் ஒன்று, வயல் பார்க்கப் போகிறவரின் வாயில் மற்றது. புதிதாக வந்த பிள்ளை இரண்டு வயல் என்றே நினைத்திருந்தார். முல்லைக்காரர், வட்டவிதானை போன்ற, வயலில் பொறுப்பில் இருப்பவர்களைக் குறிக்கும் சொற்களுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். இந்தச் சொற்களைக் கருவி வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் பதில் முழுவதும் கோணலாகும்.

7. ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்தால்

வரும். கட்டாயம் வரும். ஈரக் கழிவைப் பற்றி எங்கள் தராசடியில் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டபோது இரண்டு கணக்கு வந்தது. இருவரும் பல வருடமாக அப்படியே செய்திருக்கிறார்கள். விவசாயிகளுக்கு அது தெரிந்தும் இருக்கிறது. யார் தராசில் நிற்கிறார் என்று பார்த்துத்தான் சிலர் லொறியை உள்ளே விட்டார்களாம்!

இந்த இடத்தில் இரண்டு பிழை நடக்கும். ஒன்று, இரண்டையும் அப்படியே சேமித்துவிட்டு ‘ஏஐ பார்த்துக்கொள்ளும்’ என்று விடுவது. அது ஒருநாள் ஒன்றைச் சொல்லும், மறுநாள் மற்றதைச் சொல்லும். மற்றது, குறிப்பு எழுதும் இளையவரே நடுவராகி ஒன்றைத் தெரிவது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை, பெரியவர் ஒருவரின் மனமும் முறியும்.

இரண்டு பேரையும் இருத்தி முதலாளி முடிவெடுக்க வேண்டும். முடிவு எது, எந்தத் திகதியிலிருந்து என்று எழுதி வையுங்கள். என் பார்வையில் முழு வேலையிலும் அதிக பலன் தந்த படி இதுதான். ஏஐ வராமலே போயிருந்தாலும் இந்த ஒன்றுக்காகப் பட்ட பாடு தகும்.

8. எல்லாம் ஒரே இடத்தில், ஒருங்குறியில்

குறிப்புகளை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் சேமித்ததாக நினைக்க வேண்டாம். மூன்று நாளில் அது காலை வணக்கப் படங்களுக்குக் கீழே போய்விடும். டிரைவில் ஒரே ஒரு கோப்புறை. பெயரில் விஷயமும் திகதியும்.

பழைய ஆவணங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எங்கள் கந்தோர்களில் பல வருடமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறோம். அது திரையில்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் குப்பையாக வரும், ஏஐ கருவிக்கும் பெரும்பாலும் அப்படியே போகும். இதை ஒருங்குறிக்கு (யூனிகோட், எந்த இடத்தில் ஒட்டினாலும் தமிழாகவே நிற்கும் முறை) மாற்ற இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன; மாற்றிய பிறகு ஒரு தரம் வாசித்துத் திருத்துங்கள். கையால் எழுதிய பதிவேடுகளைப் படம்பிடித்துப் போடுவதைவிட, தேவையான பக்கத்தை மட்டும் திரும்பத் தட்டச்சு செய்வது மேல்.

விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, சம்பள விவரம் ஆகியவை இந்தக் கோப்புறைக்குள் வரவே கூடாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், தன் கடன் விவரம் வெளியே போனது என்று ஒருவர் அறிந்தால் அந்த வட்டை முழுவதும் உங்கள் வாசலுக்கு வராது.

9. புதுப் பிள்ளைக்குப் பரீட்சை

கேள்விக் கொப்பியிலிருந்து இருபது கேள்வியை எடுங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கோப்புறையை மட்டும் கொடுத்து, யாரிடமும் கேட்காமல் பதில் எழுதச் சொல்லுங்கள். சரியான பதில் பதினைந்துக்குக் குறைந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். ஒரு மனிதப் பிள்ளைக்கு அந்தக் குறிப்புகளிலிருந்து பதில் எடுக்க முடியவில்லை என்றால் கருவி எங்கேயிருந்து எடுக்கும்? தெரியாததை அது தானாகவே இட்டு நிரப்பிவிடும், அவ்வளவுதான்.

எங்கள் முதல் பரீட்சையில் ஒன்பது. முதலாளிக்குக் கோபம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், இந்த ஒன்பதை விவசாயி முன்னால் வாங்கவில்லையே என்று.

10. இப்போது ஏஐ

நாம் ஏற்றிய ஆவணங்களுக்குள் பதில் தேடி, எங்கேயிருந்து எடுத்தது என்றும் காட்டுகிற நோட்புக்எல்எம் போன்ற கருவியோடு தொடங்குவது நல்லது. காரணம், பதிலோடு குறிப்பையும் பார்க்கலாம். சொன்னவர் பெயர் அதில் இருப்பதால் சந்தேகம் வந்தால் அவரிடமே போகலாம்.

அதே இருபது கேள்விகளைக் கேளுங்கள். தமிழில், தராசடியில் கேட்கும் அதே மொழியில். கேள்விக்குரிய பெரியவரே புள்ளி போட வேண்டும், கணினி தெரிந்தவர் அல்ல. குறிப்பில் இல்லாத மூன்று கேள்விகளையும் வேண்டுமென்றே சேருங்கள். ‘குறிப்பில் இல்லை’ என்று சொல்கிறதா, கதை விடுகிறதா என்பது அதில் தெரியும். கதை விட்டால், ‘தரப்பட்ட குறிப்புகளில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்’ என்று கருவிக்குத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

முதல் மாதம் கந்தோருக்குள் மட்டும் பாவியுங்கள். விவசாயிக்கோ வாடிக்கையாளருக்கோ நேரே பதில் சொல்லவிட வேண்டாம். பிழையான பதில் கிடைத்தால் அதே சீ.ஆர். கொப்பியில் எழுதுங்கள், திங்கள் கூட்டத்தில் அதுவும் ஒரு பிழையாக வரட்டும். பெரும்பாலும் பார்த்தால் குறிப்பில்தான் ஓட்டை இருக்கும்.

11. போகத்துக்கு ஒரு தரம் துப்புரவு

அரிசிக்கு அரசாங்கம் அறிவிக்கும் உச்ச சில்லறை விலை வர்த்தமானியில் வந்து மாறும். நெல் கொள்வனவு விலை மாறும். பழைய குறிப்பு கோப்புறையில் கிடந்தால், போன வருட விலையைக் கருவி இன்றைய விலைபோலச் சொல்லும். ஆகவே விலையும் வட்டி வீதமும் வரும் குறிப்புகளின் பெயரிலேயே காலாவதித் திகதியைப் போடுங்கள்.

ஒவ்வொரு போகமும் தொடங்க முன்னம் ஒரு நாளை ஒதுக்கிக் குறிப்புகளை அவற்றைச் சொன்னவர்களுக்கே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். பழையதை அழிக்காமல் ‘பழையது’ என்று வேறு கோப்புறைக்கு மாற்றி, கருவியிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். எங்கள் ஆலையில் இந்த வாசிப்பைக் காக்காவே நடத்துகிறார். போன தரம் தன்னுடைய மூன்று குறிப்புகளைத் தானே வெட்டினார். இரண்டுக்கு, அந்தத் தராசடித் தம்பியின் பெயரில் புதுக் குறிப்பு எழுதச் சொன்னார்.